ரேஸ் க்ளப் கமிட்டிகளுக்கும் ஸ்டூவர்ட்ஸுக்கும் ஒரு சைஸோட மகன் எழுதுறது

ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

கொல்கத்தா, மும்பை, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்னு அஞ்சு டர்ஃப் அத்தாரிட்டி, அதாவது குதிரை ரேஸ ஆளுற அஞ்சு க்ளப், இருக்கீங்க. ரேஸ் நடத்துறதும் நீங்க தான், ரேஸுக்கு ரூல் போடுறதும் நீங்க தான், ரூல மீறினவன கூப்ட்டு விசாரிச்சு தண்டன குடுக்குறதும் நீங்க தான். அதனால ஒருத்தருக்கு தனியா எழுதாம அஞ்சு பேருக்கும் சேர்த்து எழுதுறேன். கோவத்துல எழுதல, பல வருஷமா மனசுக்குள்ளயே வெச்சிருந்தத எழுதுறேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்கப்பா 34 வருஷம் சைஸா, அதாவது லாயத்துல ரேஸ் குதிரைய பாத்துக்குற ஆளா, வேல பாத்தவரு. எந்த ஊர் ரேஸ் கோர்ஸ், எந்த டிரெயினர்னு எழுத மாட்டேன். எழுதினா ஏதோ ஒரு ஊரு, ஒரு ஆளோட தப்புன்னு மத்த நாலு பேரும் நகந்துடுவீங்க, ஆனா இது எல்லா ஊர்லயும் இருக்குற விஷயம்.

காலைல மூணு மணிக்கு எந்திரிப்பாரு. லாயத்துல போய் விளக்க போட்டதும் முதல்ல தண்ணி வெக்க மாட்டாரு, தீனி வெக்க மாட்டாரு, குத்துக்கால் போட்டு உக்காந்து குதிரையோட முன்னங்கால் பேண்டேஜ அவிழ்த்துட்டு முழங்காலுக்கு கீழ பின்பக்கம் ஓடுற நரம்ப புறங்கையால மேல இருந்து கீழ தடவி பாப்பாரு. ஏம்ப்பா உள்ளங்கையால பாக்க மாட்டேங்குறன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். உள்ளங்கை காய்ச்சு போச்சுடா, அதுக்கு சூடு தெரியாது, புறங்கைக்கு தான் தெரியும்னாரு. ஒரு கால் கொஞ்சம் சூடா இருந்தா இன்னொரு கால தொட்டு பாப்பாரு, திரும்ப இத தொட்டு பாப்பாரு, அப்படியே ரெண்டு நிமிஷம் பேசாம இருப்பாரு. வெட் (குதிரைக்கு பாக்குற டாக்டர்) ஸ்கேன் போட்டு கண்டுபுடிக்கிறதுக்கு நாலு நாள் முன்னாடியே எங்கப்பாவோட புறங்கைக்கு தெரிஞ்சிடும்.

அவர்கிட்ட கருப்பன்னு ஒரு குதிரை இருந்துச்சு. ரேஸ் புக்குல அதுக்கு வேற இங்கிலீஷ் பேரு, அது அப்பா வாயில நுழையாது, ஆளு கருகருன்னு இருந்ததால கருப்பன்னு வெச்சுட்டாரு. ரெண்டு வயசு குட்டியா, குதிரை வளக்குற ஸ்டட் ஃபார்ம்ல இருந்து வேன்ல வந்து எறங்கின அன்னைக்குல இருந்து அப்பா தான் பாத்தாரு. ஒரு வியாழக்கிழம காலைல கருப்பனோட இடது முன்னங்கால் சூடா இருந்துச்சு, ஞாயித்துக்கிழம ரேஸ். அப்பா டிரெயினர்கிட்ட போய், ஐயா கால் கொதிக்குது, இந்த வாரம் வேணாம்னு சொன்னாரு. அவரும் வந்து தொட்டு பாத்துட்டு, சின்ன சூடு தான் முருகா, ஐஸ் வெய்யி, ஓனர் டெல்லில இருந்து ஃபேமிலியோட வர்றாருன்னாரு. (முருகன் அப்பாவோட நெஜ பேரு இல்ல.) வெள்ளி, சனி ரெண்டு நாளும் அப்பா ராத்திரி வீட்டுக்கு வரல. களிமண் பத்து போட்டு, ஐஸ் பை கட்டி, கால் மேல தண்ணி விட்டுட்டே இருந்திருக்காரு.

ஞாயித்துக்கிழம நானும் போனேன், பதினாலு வயசு எனக்கு. கடைசி திருப்பத்துல கருப்பன் மூணாவதா வந்துட்டு இருந்தான், திடீர்னு தல கீழ போச்சு, ஜாக்கி உருண்டு வெளில விழுந்தாரு, மத்த குதிரைங்க எல்லாம் சுத்தி போயிடுச்சு, இவன் மட்டும் மூணு கால்ல நின்னுட்டு இருந்தான். வேன் வந்துச்சு, பச்ச கலர் துணிய ஸ்க்ரீன் மாதிரி சுத்தி கட்டினாங்க. ஸ்டாண்ட்ல இருந்தவங்க வின்னர் நம்பர் என்னன்னு போர்ட பாத்துட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த துணிக்கு பின்னாடி இருந்து அப்பா வெளில வந்தாரு, கைல தல கயிறு மட்டும் இருந்துச்சு. அந்த கயித்த எடுத்துட்டு லாயம் வரைக்கும் ஒன்னரை கிலோமீட்டர் நடந்தே போனாரு, நான் பின்னாடியே போனேன், எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.

ரேஸ்ல நடந்தத விசாரிச்சு தீர்ப்பு சொல்ற ஸ்டூவர்ட்ஸ் என்கொயரி வெச்சாங்க. ஜாக்கிய கூப்ட்டாங்க, டிரெயினர கூப்ட்டாங்க, வெட்ட கூப்ட்டாங்க. எங்கப்பாவ யாரும் கூப்டல. அந்த மூணு நாள் அந்த காலோட கூடவே இருந்த ஒரே ஆள் அவரு தான், அவர்கிட்ட ஒரு கேள்வி கூட கேக்கல. டிரெயினர் மேல எனக்கு இருக்குற கோவத்த விட இது தான் பெருசு. ஏன்னா டிரெயினருக்கு ஓனர் நெருக்கடி, ஓனருக்கு பணம் போட்ட நெருக்கடி, அவங்கவங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். விசாரிக்கிறவங்களுக்கு என்ன நெருக்கடி? எதுக்கு அவங்க பாதியிலயே நிறுத்தினாங்க?

பெரியவனானதுக்கு அப்புறம் தான் எனக்கு புரிஞ்சுது, நம்ம நாட்ல ரேஸ் எப்படி ஆளப்படுதுன்னு பாத்தா அதுல விசாரிக்கிறவங்களுக்கும் நெருக்கடி இருக்கத்தான் செய்யும். ஸ்டூவர்ட்ஸ் யாரு? க்ளப் மெம்பர்ஸ் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குற மெம்பர்ஸ். அதுல பல பேரு குதிரை ஓனர்ஸ். சம்பளத்துக்கு இருக்குற ஸ்டைபெண்டியரி ஸ்டூவர்ட்ஸ வேலைக்கு வெக்கிறது அதே க்ளப், சம்பளம் குடுக்குறது அதே க்ளப். தீர்ப்பு பிடிக்கலன்னு அப்பீல் போனா அந்த போர்டும் அதே க்ளப்புக்குள்ள தான். டோட்ல (க்ளப்பே நடத்துற பந்தய கவுண்டர்ல) வர்ற கமிஷன், புக்கிகள்கிட்ட (தனியா பந்தயம் வாங்குற ஆளுங்ககிட்ட) வாங்குற ஸ்டால் காசு, இது தான் க்ளப்போட வருமானம், அதாவது ரேஸ் நடந்தா தான் காசு. குதிரை எண்ணிக்க கொறஞ்சா ஃபீல்டு (ஒரு ரேஸ்ல ஓடுற குதிரைங்க) கொறையும், ஃபீல்டு கொறஞ்சா பந்தயம் கொறையும். அப்படி இருக்குற எடத்துல ‘இந்த குதிரை இன்னைக்கு ஓடக்கூடாது’ன்னு சொல்ற அதிகாரமும் அதே ஆளுங்க கைல இருக்குதுன்னா, நல்ல மனுஷனா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாரு. நான் யாரையும் திருடன்னு சொல்லல. ஆட்டம் ஆடுறவனே அம்பயரா நிக்கிறான்னு தான் சொல்றேன்.

இந்த முறைய நாம கண்டுபுடிக்கல, இங்கிலாந்துல இருந்து வந்தது. 1847-ல ஆரம்பிச்ச கல்கத்தா டர்ஃப் க்ளப்ல இருந்து எல்லாமே லண்டன் ஜாக்கி க்ளப்ப பாத்து தான் ரூல் எழுதினாங்க. அங்க 1750 வாக்குல ஆரம்பிச்ச ஜாக்கி க்ளப் ரெண்டரை நூற்றாண்டுக்கு மேல பிரிட்டன் ரேஸ ஆண்டுச்சு. ஆனா அவங்களே 2006-ல கட்டுப்பாட்டு அதிகாரத்த தனி அமைப்புக்கு எழுதி குடுத்துட்டாங்க, 2007-ல பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டின்னு ஒன்னு வந்துச்சு. இப்ப ஜாக்கி க்ளப் ரேஸ் கோர்ஸ் நடத்துது, தீர்ப்பு சொல்லல. யார பாத்து காப்பி அடிச்சமோ அவங்களே அந்த பக்கத்த கிழிச்சு போட்டு இத்தன வருஷம் ஆச்சு, நாம இன்னும் அதே பக்கத்த வெச்சுட்டு படிச்சுட்டு இருக்கோம்.

அமெரிக்காவுல இன்னும் மோசமா நடந்துச்சு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு ரூல்னு இருந்தாங்க. 2018 டிசம்பர் கடைசில இருந்து 2019 ஜூன் வரைக்கும் சான்டா அனிட்டாங்குற ஒரே கோர்ஸ்ல 30 குதிரை செத்துச்சு. 2020 மார்ச்சுல ஊக்க மருந்து கேஸ்ல டிரெயினர், வெட்னு 27 பேர் மேல ஃபெடரல் கேஸ் போட்டாங்க. அந்த வருஷ கடைசில தான் நாடு முழுக்க ஒரே ரூல்னு சட்டம் போட்டாங்க, 2022 ஜூலைல அது நடைமுறைக்கு வந்துச்சு. 2021 கென்டக்கி டெர்பில முதல்ல வந்த மெடினா ஸ்பிரிட் மருந்து டெஸ்ட்ல மாட்டி பட்டத்த இழந்துச்சு, பட்டம் பறிபோறதுக்கு முன்னாடியே அந்த குதிரை செத்தும் போச்சு. அவ்ளோ ஆனப்புறம் தான் அவங்களுக்கு புத்தி வந்துச்சு. நமக்கும் அவ்ளோ ஆகணுமா?

ஹாங்காங்ல ஒரே ஜாக்கி க்ளப் தானே எல்லாத்தையும் பண்ணுதுன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆமா, 1884-ல ஆரம்பிச்ச அந்த க்ளப் தான் ரேஸும் நடத்துது, பந்தயமும் நடத்துது, ரூலும் போடுது. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அங்க எந்த குதிரைய எடுத்தாலும் அதோட வெட் ரெக்கார்டு வெப்சைட்ல இருக்கு, யாரு வேணாலும் பாக்கலாம். எந்த தேதில எந்த கால் நொண்டுச்சு, எப்ப மூக்குல ரத்தம் வந்துச்சு, எப்ப திரும்ப ஃபிட்னு சொன்னாங்க, எல்லாம் தேதியோட இருக்கு. காலைல பயிற்சி ஓட்டத்துல என்ன பண்ணுச்சுன்னும் இருக்கு. ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் எந்த குதிரைக்கு என்ன ஆச்சு, ஜாக்கி என்ன சொன்னாருன்னு ரிப்போர்ட் வந்துடும். எல்லாத்தையும் தெருவுல வெச்சுட்டா அதிகாரம் ஒரே கைல இருந்தாலும் ஓரளவு பரவால்ல. நீங்க அதிகாரத்தயும் வெச்சிருக்கீங்க, பேப்பரையும் பூட்டி வெச்சிருக்கீங்க. என்கொயரில என்ன முடிவுன்னு ரெண்டு வரில போடுறீங்க, ஏன் அப்படி முடிவெடுத்தீங்கன்னு நான் படிச்ச வரைக்கும் விளக்கமா இருந்ததில்ல.

ஸ்டாண்ட்ல நின்னு கேட்டிருக்கீங்களா? ஃபேவரிட் தோத்தா ஜனங்க ‘குதிரை ஓடல’ன்னு சொல்ல மாட்டாங்க, ‘ஓட விடல’ன்னு தான் சொல்வாங்க. அதுல முக்காவாசி தப்பான சந்தேகமா இருக்கும், குதிரைக்கு அன்னைக்கு முடியல, ட்ராக் ஈரமா இருந்துச்சு, வெயிட் அதிகம், இப்படி ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா அந்த சந்தேகத்த தீக்குற மாதிரி நீங்க ஒரு பேப்பர காட்டல, அதனால பொய் சந்தேகமும் நெஜ சந்தேகமும் ஒன்னா கலந்து கெடக்கு.

1996-ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லி இந்த தொழில காப்பாத்துச்சுன்னு உங்களுக்கு நல்லா தெரியும். தமிழ்நாட்ல 1974-ல குதிரை ரேஸயும் பந்தயத்தயும் ஒழிக்க சட்டம் வந்துச்சு, 1986-ல மெட்ராஸ் ரேஸ் க்ளப்பயே அரசு எடுத்துக்க இன்னொரு சட்டம் வந்துச்சு. டாக்டர் கே.ஆர்.லக்ஷ்மணன் வழக்குல ரெண்டுக்கும் சேர்த்து தீர்ப்பு வந்தப்ப, இது சூதாட்டம் இல்ல, திறமையோட ஆட்டம்னு சொன்னாங்க. குதிரையோட வம்சம், அதோட ஃபார்ம், தூக்குற எடை, ஜாக்கியோட தெறமை, இதெல்லாம் பாத்து கணக்கு போட்டு தான் பந்தயம் கட்டுறாங்கன்னாங்க. இத்தன வருஷமா உங்க எல்லாரோட கேட்டும் தொறந்திருந்ததுக்கு அந்த தீர்ப்பு தான் அடிப்பட. ஆனா யோசிச்சு பாருங்க, குதிரைக்கு கால்ல சூடு இருக்குங்குற விஷயம் டிரெயினருக்கும் சைஸுக்கும் மட்டும் தெரிஞ்சு, நூறு ரூபா கட்டுற ஆட்டோ டிரைவருக்கு தெரியலன்னா அவரு எந்த தெறமைய வெச்சு கணக்கு போடுவாரு? வெட் ரெக்கார்ட மறைக்கிற ஒவ்வொரு நாளும் அந்த தீர்ப்போட அடிப்படைய நீங்களே அரிச்சுட்டு இருக்கீங்க.

அடுத்தது நெலம். இதுல எனக்கு உங்க மேல வருத்தம் தான் அதிகம். கிண்டில அரசு நெலம் 160 ஏக்கர் சொச்சம், 1946-ல எழுதின 99 வருஷ குத்தகை, வருஷ வாடகை 614 ரூபா சொச்சம். அரசு வாடகைய ஏத்தி கேட்டதுல தகராறாகி கோர்ட்டுக்கு போயி, 2023 மார்ச்சுல ஹைகோர்ட் 730 கோடிக்கு மேல பாக்கி கட்ட சொல்லுச்சு. 2024 ஜூன்ல ஊட்டில 52 ஏக்கர் ரேஸ் கோர்ஸ அரசு எடுத்துச்சு, அங்க குத்தகை 1978-லயே முடிஞ்சு போன கதை. செப்டம்பர்ல கிண்டி குத்தகைய ரத்து பண்ணி சீல் வெச்சாங்க, க்ளப் கோர்ட்டுக்கு ஓடுச்சு. அதே 2024-ல மும்பை மகாலக்ஷ்மில 211 ஏக்கர்ல 120 ஏக்கர பூங்காவுக்கு விட்டு குடுத்துட்டு 91 ஏக்கருக்கு 2053 வரைக்கும் குத்தகைய புதுப்பிச்சுக்கிட்டாங்க. பெங்களூருல புக்கிகள் வரி ஏய்ப்புன்னு ஜனவரில போலீஸ் ரெய்டு, ஜூன்ல லைசென்ஸ் இல்லன்னு அரசு சொல்ல, ஹைகோர்ட்ல ஒரு ஜட்ஜ் ரேஸ் நடத்தலாம்னாரு, சில நாள்லயே மேல் பெஞ்ச் அத நிறுத்தி வெச்சுது. ஒரே வருஷத்துல இத்தன ஊரு.

வாடகை 614 ரூபாங்குறத பேப்பர்ல படிச்சப்ப எங்க தெருவுல டீக்கடைல எல்லாரும் பேசுனாங்க. பத்துக்கு பத்து ரூமுக்கு நாங்க மாசம் குடுத்தது அத விட அதிகம். அந்த நெலம் வெள்ளம் வந்தா தண்ணி நிக்கிற குளமா ஆகட்டும், பூங்காவா ஆகட்டும்னு ஜனங்க சொன்னப்ப எனக்கு அவங்கள தப்பு சொல்ல வாயே வரல. பத்தாயிரக்கணக்குல ஜனங்க வந்து போற எடம் தான், ஆனா ஒரு நாளாச்சும் இது நம்ம எடம்னு அவங்களுக்கு தோணுற மாதிரி நீங்க வெச்சிருந்தீங்களா? மெம்பர்ஸ் ஸ்டாண்ட் தனி, அதுக்கு டை கட்டிட்டு வரணும்னு ரூல் தனி. வெளில கெடக்குற ஜனங்களுக்கு ஒடஞ்ச பெஞ்சும் நாத்தம் புடிச்ச டாய்லெட்டும். மகாலக்ஷ்மில நெலத்த விடலாமான்னு மெம்பர்ஸ் ஓட்டு போட்டாங்க, சரி, அது அவங்க உரிமை. அங்க லாயத்துல தலமொற தலமொறயா வேல பாக்குற சைஸுங்களுக்கு அதுல ஓட்டு கெடையாது. நெலம் போறப்ப நடுத்தெருவுக்கு வர்றது யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மெம்பருக்கு இன்னொரு க்ளப் இருக்கும்.

வரி விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு, அத மனசார சொல்றேன். 2017 ஜூலைல ஜி.எஸ்.டி வந்தப்ப பந்தயம் கட்டுற மொத்த காசுக்கும் 28 சதவீதம் போட்டாங்க. க்ளப்புக்கு கெடைக்கிற கமிஷனுக்கு இல்ல, மொத்த காசுக்கு. 2021 ஜூன்ல கர்நாடகா ஹைகோர்ட், டோட்ல போடுற முழு பணத்துக்கும் வரி போட முடியாது, கமிஷனுக்கு தான்னு சொல்லுச்சு. ஆனா 2023 அக்டோபர்ல சட்டத்தயே மாத்தி குதிரை ரேஸயும் சூதாட்டத்தோட ஒன்னா சேர்த்துட்டாங்க, 2025 செப்டம்பர் 22-ல இருந்து அது 40 சதவீதம். 100 ரூபா பந்தயத்துக்கு 40 ரூபா வரி. இதுக்கு மேல பத்தாயிரத்துக்கு மேல ஜெயிச்சா 30 சதவீதம் டி.டி.எஸ் பிடிப்பாங்க. இவ்ளோ வரி கட்டி எவன் கவுண்டருக்கு வருவான்? ஃபோன்ல வரி இல்லாம எழுதுற ஆள தேடி போவான், அந்த காசுல ஒரு பைசா கூட குதிரைக்கும் வராது, அரசாங்கத்துக்கும் வராது. பிரிட்டன்ல 2001-ல பந்தயம் கட்டுறவன்கிட்ட வாங்குன 9 சதவீதத்த எடுத்துட்டு கம்பெனியோட லாபத்துக்கு 15 சதவீதம்னு மாத்துனாங்க. ஹாங்காங்கும் 2006-ல மொத்த டர்ன்ஓவருக்கு வரிங்குறத விட்டுட்டு, ஜெயிச்சவங்களுக்கு குடுத்தது போக மிச்சத்துக்கு வரின்னு மாறுச்சு. இதெல்லாம் நீங்க டெல்லில போய் எடுத்து சொல்லியிருப்பீங்க. ஆனா அங்க யாரும் ஏன் காது குடுக்கல? உங்க பின்னாடி எத்தன குடும்பம் நிக்குதுன்னு காட்டுற ஒரு ரிஜிஸ்டர நான் பாத்ததே இல்ல. அமைச்சர் கண்ணுக்கு தெரியுறது நாலு பணக்காரங்க, ஒரு பெரிய நெலம், ஒரு சூதாட்டம், அவ்ளோ தான். எங்கப்பா மாதிரி ஆளுங்கள நீங்க கணக்குலயே வெக்காததால, உங்களுக்கு கஷ்டம் வந்தப்ப ‘இத்தன ஆயிரம் தொழிலாளி’ன்னு சொன்னாலும் யாரும் நம்பல.

சைஸ் யாரோட ஆளுன்னு கேட்டா க்ளப் சொல்லும் டிரெயினரோட ஆளுன்னு. டிரெயினர் சொல்வாரு, ஓனர் குடுக்குற காச நான் பிரிச்சு குடுக்குறேன், குதிரை போயிட்டா ஆளும் போவான்னு. ஓனருக்கு சைஸோட பேரு கூட தெரியாது. ஆனா கேட்ல உள்ள விடுற பாஸ் க்ளப் குடுக்குது, தப்பு பண்ணா அந்த பாஸ பிடுங்குறதும் க்ளப் தான். தண்டிக்கிறதுக்கு உங்க ஆளு, பி.எஃப் கேட்டா டிரெயினரோட ஆளு. எங்கப்பாவுக்கு 51 வயசுல ஒரு குட்டி ஒதச்சு முட்டி ஒடஞ்சுது. டிரெயினர் கைக்காசுல பாதி ஆஸ்பத்திரி செலவ குடுத்தாரு, அத மறக்க மாட்டோம், மீதிக்கு அம்மா கம்மல வெச்சோம். அதுக்கப்புறம் கால் மடக்கி குத்துக்கால் போட முடியல, குத்துக்கால் போட முடியாதவன் சைஸ் வேல பாக்க முடியாது. 34 வருஷத்துக்கு அவர் கைல வந்தது ஒரு சால்வ, ஒரு கவர்.

குதிரைக்கும் அதே கதி தான். ரெண்டு வயசுல வருது, ஆறு ஏழு வயசுல முடிஞ்சிடுது, இருபத்தஞ்சு வயசு வரைக்கும் உயிரோட இருக்க கூடிய ஜீவன். அந்த மிச்ச காலம் எங்க போகுது? கொஞ்சம் ரைடிங் ஸ்கூலுக்கு, நல்ல வம்சமா இருந்தா ஸ்டட் ஃபார்முக்கு. மத்ததெல்லாம்? ஒரு தடவ பீச்சுக்கு அப்பாவ கூட்டிட்டு போனேன். கல்யாண ஊர்வலத்துக்கும் பிள்ளைங்க சவாரிக்கும் வெச்சிருந்த ஒரு குதிரைய பாத்துட்டு அப்பா நின்னுட்டாரு. கிட்ட போய் முன்னங்கால புறங்கையால தடவினாரு. நரம்பு மேல கோடு கோடா சூடு வெச்ச தழும்பு இருந்துச்சு. இது ரேஸ் குதிரைடான்னாரு. வெலா எலும்பு எண்ணலாம், குளம்பு வெடிச்சிருந்துச்சு, லாடம் ஒரு கால்ல இல்ல. அந்த பையன்கிட்ட நூறு ரூபா குடுத்து கொள்ளு வாங்கி போடுப்பான்னு சொல்லிட்டு வந்தாரு. ஒரு குதிரை பொறந்ததுல இருந்து ஸ்டட் புக்ல அதோட அம்மா அப்பா பேரோட எழுதி வெக்கிறீங்க, நாலு தலமொற வம்சாவளி சொல்றீங்க, ஆனா கடைசி ரேஸுக்கு அடுத்த நாள் அது எங்க போச்சுன்னு எழுத ஒரு பக்கம் இல்ல.

சிங்கப்பூர்ல லிட்டில் இந்தியாவுல ரேஸ் கோர்ஸ் ரோடுன்னு ஒன்னு இருக்கு, நம்மாளுங்க சாப்பாட்டு கட வரிசையா இருக்குற தெரு. 1843-ல அங்க ஃபேரர் பார்க்ல தான் முதல் ரேஸ் நடந்துச்சு, அப்புறம் புக்கிட் தீமா, அப்புறம் கிராஞ்சி. 2024 அக்டோபர் 5-ம் தேதி கடைசி ரேஸ ஓட்டிட்டு மூடிட்டாங்க, நெலம் வீடு கட்ட வேணும்னு. மனசுக்கு கஷ்டமா தான் இருந்துச்சு. ஆனா 2023 ஜூன்லயே தேதிய சொல்லிட்டாங்க, வேலைக்காரங்களுக்கு என்ன, குதிரைங்கள எந்த நாட்டுக்கு அனுப்புறதுன்னு ஏற்பாடு பண்ண ஒரு வருஷத்துக்கு மேல டைம் இருந்துச்சு. நாளைக்கு நம்ம ஊர்ல ஒரு கோர்ஸ் மூடுனா அப்படி ஒரு ப்ளான் உங்ககிட்ட இருக்கா? ஒரு ராத்திரில கேட்டுக்கு சீல் வெச்சா உள்ள இருக்குற குதிரைக்கு காலைல தீனி யாரு போடுவான்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?

நான் கேக்குறது பெரிய விஷயம் இல்ல. தீர்ப்பு சொல்ற வேலைய உங்க அஞ்சு பேர் கைல இருந்து எடுத்து ஒரு தனி அமைப்புகிட்ட குடுங்க. ஓய்வு பெத்த ஜட்ஜ், வெட் டாக்டர், ஜாக்கியா இருந்தவங்க, சைஸா இருந்தவங்க உக்காரட்டும், குதிரை வெச்சிருக்குறவங்க யாரும் அதுல வேணாம். ஒரு ஊர்ல ஜாக்கிய சஸ்பெண்ட் பண்ணா அஞ்சு ஊர்லயும் செல்லும்னு ஏற்கனவே வெச்சிருக்கீங்களே, அதே மாதிரி ரூல் புக்கும் ஒன்னா இருக்கட்டும், என்கொயரி பேப்பர் காரணத்தோட வெளில வரட்டும், வெட் ரெக்கார்டு வெளில வரட்டும். ஒவ்வொரு குதிரையும் ஜெயிச்ச பரிசு பணத்துலயும் ஒரு சின்ன பங்க எடுத்து ரெண்டா பிரிச்சு, சைஸ் பேர்ல பாதி, அந்த குதிரையோட வயசான காலத்துக்கு பாதின்னு போடுங்க. டிரெயினருங்களும் ஓனருங்களும் கத்துவாங்க, ஏற்கனவே செலவு தாங்கலன்னு. தெரியும், 40 சதவீத வரில எல்லாரும் நசுங்கிட்டு தான் இருக்காங்க. ஆனாலும் முதல்ல இத செஞ்சுட்டு அப்புறமா டெல்லிக்கு போங்க, அப்ப உங்களோட நாங்களும் வர்றோம், ரயில் டிக்கெட் எங்க காசுல.

இதுல எதுவுமே இந்த வருஷம் முடியாதுன்னா ஒன்னே ஒன்னு மட்டும் பண்ணுங்க, அதுக்கு சட்டமும் வேணாம், கோடிக்கணக்குல காசும் வேணாம். ஒவ்வொரு லாயத்து வாசல்லயும் ஒரு நோட்டு வையுங்க. காலைல கால தொட்டு பாத்த சைஸ், சூடா இருந்தா அதுல கைநாட்டு வெக்கட்டும். எழுத தெரியாதவருக்கு கால் படம் போட்டு எந்த எடம்னு புள்ளி வெக்கிற மாதிரி இருந்தா போதும். அந்த நோட்டு டிரெயினர்கிட்ட போகாம நேரா க்ளப் வெட்கிட்ட போகணும், வெட் வந்து பாத்து கையெழுத்து போடாம அந்த குதிரை பேடாக்குக்கு (ரேஸுக்கு முன்னாடி குதிரைய நடத்தி காட்டுற எடத்துக்கு) வரக்கூடாது. சொன்னதுக்காக சைஸோட பாஸ யாரும் பிடுங்கக்கூடாது, அத மட்டும் எழுத்துல குடுங்க.

அப்பாவுக்கு இப்ப 73 வயசு. கருப்பனோட தல கயிறு எங்க வீட்டு சாமி அலமாரிக்கு பக்கத்துல ஆணில தொங்குது, அம்மா வெள்ளிக்கெழம அதுக்கும் சேர்த்து சாம்பிராணி காட்டுவாங்க. ரேஸ் பத்தி நியூஸ் ஏதாவது வந்தா அப்பா எங்கிட்ட ஒன்னு தான் கேப்பாரு, அந்த கால் சூட பத்தி அன்னைக்கு எவனாச்சும் எழுதி வெச்சானாடான்னு. என்கிட்ட பதில் இல்ல. அந்த என்கொயரி பேப்பர் உங்க யாரோட பீரோவுலயாச்சும் இருந்தா ஒரு காப்பி குடுங்க. ரேஸ் தேதிய தனியா கடிதத்துல எழுதி அஞ்சு பேருக்கும் அனுப்பியிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு சைஸோட மகன்